சாமிக்கு முன்னால் உப்புப் பார்த்தவர்

பத்தொன்பது வருடமாக இந்தக் கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறேன். சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் ஒரு பருக்கையைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. திருவிழாவின் எட்டாம் நாள், நிர்வாகக் குழுவின் பதினொரு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, என்னை நடுவில் நிறுத்தி, உப்புப் பார்த்தது நான்தான் என்று முடிவு கட்டினார்களே, அந்த வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

வெளியாட்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. வீட்டில் யார்தான் உப்புப் பார்க்காமல் அடுப்பிலிருந்து இறக்குகிறார்கள்? கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்காதவர் உண்டா? மடப்பள்ளியில் அது கிடையாது. முதலில் சாப்பிட வேண்டியவர் சாமி. அவருக்கு முன்னால் வேறொரு வாய் பட்டால் அது எச்சில். எச்சிலான பிறகு அது படையல் இல்லை, வெறும் சோறு. முகர்ந்து பார்ப்பதும் கூடாது. பானைக்கு மேல் குனிந்து பேசவும் கூடாது, தெறிக்கும். அதற்காகத்தான் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டு, அந்த வெக்கையில் நாள் முழுக்க நிற்கிறேன்.

அப்படியானால் உப்பு சரியாக இருக்கிறதென்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என் கைக்குத் தெரியும். இருபது படி அரிசிக்குப் பன்னிரண்டு கை. பருப்பு கூடினால் அரைக் கை அதிகம். அப்படியும் சந்தேகம் இருந்தால், படைத்து முடித்துப் பந்தியில் பரிமாறும்போது தூணோரம் நின்று, முதல் வாய் வைத்தவரின் முகத்தைப் பார்ப்பேன். அந்த முகம்தான் எனக்கு நாக்கு.

விடியும் முன் குளித்து, ஈர வேட்டியோடு அடுப்பு மூட்டுவேன். குருக்கள் மணியடித்துச் சாமியை எழுப்பும்போது பால் காய்ந்திருக்க வேண்டும். அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை போடும்போது காலைப் படையல் தயாராக இருக்க வேண்டும். உச்சிவேளைக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று, நடை சாத்துவதற்கு முன் ஒன்று. சாமிக்குப் பசிக்குமா என்று என் மகள் சின்னவளாக இருந்தபோது கேட்டாள். அது எனக்குத் தெரியாது, ஆனால் அப்பா ஒரு நாளும் லேட்டாகக் கொண்டுபோனதில்லை என்றேன். காய்ச்சலிலும் சமைத்திருக்கிறேன், குழாயில் தண்ணீர் வராத நாளில் பக்கத்துத் தெருவிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்தும் சமைத்திருக்கிறேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஒத்துக்கொள்கிறேன். காய் நறுக்க வருகிற பெண்கள் என்னைப் பார்த்தாலே பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். அடுப்புப் பக்கம் யாராவது கொட்டாவி விட்டால்கூடக் கத்துவேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தையல்காரப் பெண், புதிதாக உதவிக்கு வந்தவள், பாயசப் பானையின் மூடியைத் திறந்து, "ஆகா, என்ன வாசம்" என்று மூச்சை இழுத்துவிட்டாள். அவ்வளவுதான் செய்தாள். பானை முழுவதையும் அவள் கண்ணெதிரே தொட்டியில் கொட்டினேன். அவள் அழுதுகொண்டே போனாள், பிறகு வரவே இல்லை. சட்டம் என்றால் எல்லாருக்கும் சட்டம்தான் என்று அன்றைக்கு மார்தட்டினேன்.

ஆறு மாதத்துக்கு முன் மடப்பள்ளியில் கேமரா மாட்டினார்கள். திருட்டுப் பயமாம். அங்கே திருட என்ன இருக்கிறது, அண்டாவையா இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள்? அது கதவுக்கு மேலே இருந்துகொண்டு என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் தெரிவதெல்லாம் நிர்வாகக் குழுத் தலைவரின் போனில் தெரியும். தலைவர் வெளியே லாரி கம்பெனி நடத்துகிறவர். டிரைவர்கள் எங்கே நின்று டீ குடிக்கிறார்கள் என்று போனில் பார்த்துப் பழகியவர், கோயிலையும் அப்படியே நடத்த ஆரம்பித்தார். வருடத்துக்கு ஒருமுறை என் வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். அந்தக் கையெழுத்து இருந்தால்தான் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை வீட்டில் நாங்கள் இருக்கலாம், மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடத்தை முடிக்கலாம். குருக்களுக்கும் அதே கதைதான்.

தலைவரின் மனைவியைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். கெட்ட மனசு கிடையாது. திருவிழா பத்து நாளும் விடிந்ததும் வந்துவிடுவார். பூக்கட்டுவார், கோலம் போடுவார், யாருக்கும் காத்திராமல் துடைப்பத்தை எடுத்துத் தானே பெருக்குவார். ஆனால் எந்த வேலைக்குப் போனாலும் அதில் ஒரு திருத்தம் சொல்லாமல் வரமாட்டார். இது அப்படி இல்லை அம்மா என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. கோயிலில் அவர் போட்ட கோலத்தை அழித்துவிட்டு, அவர் போன பிறகு திரும்பப் போடுகிறவர்கள் உண்டு. அவருக்கு அது இன்றுவரை தெரியாது.

ஏழாம் நாள் மத்தியானப் படையல். அண்டாவில் சாதமும் பருப்பும் காய்கறியும் சேர்ந்து வெந்துவிட்டது. நான் உப்பை அப்படியே கொட்டுகிறவன் இல்லை. வெந்நீரில் கரைத்து, அண்டாவின் ஓரமாகச் சுற்றி ஊற்றி, மூடி வைத்து, கால் மணி கழித்து நீளத் துடுப்பால் அடியிலிருந்து கிளறுவேன். அப்போதுதான் ஒரே சீராகப் பரவும். அந்தக் கால் மணிக்குள் மேலாக எடுத்து வாயில் போட்டால் சப்பென்றுதான் இருக்கும்.

உப்புத் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டு, வெல்லப்பாகுப் பாத்திரத்தை இறக்கப் பக்கத்து அடுப்புக்குத் திரும்பினேன். திரும்பிப் பார்க்கும்போது தலைவரின் மனைவி ஒரு கையில் அண்டா மூடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கை உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தார்.

"உப்பே போடலையே மாஸ்டர். பரபரப்புல மறந்துட்டீங்க போல," என்றார். பெரிய கரண்டியால் ஜாடியிலிருந்து அள்ளி ஒன்று, இரண்டு, மூன்று என்று தூவினார். அதே கரண்டியால் மேலாக இரண்டு கிளறு கிளறிவிட்டு, நல்லவேளை தான் வந்து பார்த்ததாகச் சொல்லிக்கொண்டே பூக்கூடைப் பக்கம் போனார்.

மூலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கொட்டாவிக்கே கூரை பறக்கக் கத்துகிற ஆள் இப்போது என்ன செய்யப்போகிறான் என்று அவர்கள் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. வாயில் கட்டிய துணி அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே உதவியது.

கொட்டியிருக்கலாம். உலை வைத்து மறுபடி சமைத்திருக்கலாம். ஒன்றரை மணி நேரம் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதானே? சாமி கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பாரா? ஏன் தாமதம் என்று தலைவர் கேட்பார், காரணம் சொல்ல வேண்டி வரும். அந்தக் காரணத்தை என் வாயால் சொன்னால் அடுத்த கையெழுத்து விழுமா? மனசு இந்தக் கணக்கையெல்லாம் ஒரு நொடியில் போட்டு முடித்துவிட்டது.

உள்ளேயிருந்து குருக்கள் மணியை ஒருமுறை தட்டினார். படையலைக் கொண்டுவரலாம் என்று அர்த்தம். வெள்ளிப் பாத்திரத்தில் எடுத்தேன், துணி போட்டு மூடினேன், கொண்டுபோய்ச் சாமிக்கு முன்னால் வைத்தேன். திரை போட்டார்கள். குருக்கள் நீர் சுற்றி, கைகாட்டி, சாமியைச் சாப்பிட அழைக்கும் நேரத்தில் நான் எப்போதும் திரைக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். அன்றைக்குக் கண்ணைத் திறந்தபடி தரையில் பதித்த கற்களை எண்ணிக்கொண்டு நின்றேன். நாற்பத்திரண்டு இருந்தன.

சாமிக்கு முன்னாலிருந்து எடுத்துவந்த சோற்றைப் பழையபடி அண்டாவில் கலந்துவிடுவது வழக்கம். அப்போதுதான் அண்டா முழுவதும் பிரசாதமாகும். கலந்தேன். பந்தியில் முதலில் உட்கார்ந்திருந்தவர் ஒரு தபால்காரர், சீருடையோடு வந்திருந்தார். ஒரு வாய் வைத்தார். கண் விரிந்தது. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவரும் இவரைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். ஆனால் ஒருவரும் துப்பவில்லை. பிரசாதத்தைத் துப்பலாமா? அறுநூறு பேர், கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் உட்பட, கண்ணில் நீர் வர அதை விழுங்கினார்கள். அவர்கள் மரியாதையோடு விழுங்கியது பிரசாதமே இல்லை என்று தெரிந்தும் நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லும்போது இப்போதும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பந்தி முடிந்ததும் தலைவர் மடப்பள்ளி வாசலில் வந்து நின்று, கடல் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினேனா என்று கேட்டார். கை தவறிவிட்டது ஐயா என்றேன். அதுதான் நான் செய்த இரண்டாவது கோழைத்தனம். பிறகு என் கழுத்தில் மாட்டப்போகிற கயிற்றை நானே திரித்துக் கொடுத்த மாதிரி ஆனது.

வீட்டில் மனைவியிடம் மறைக்க முடியவில்லை. காய் நறுக்கிய பெண்களில் ஒருத்தி அவளுக்குத் தோழி. நான் சாப்பிட உட்காரும் முன்பே விஷயம் வந்துசேர்ந்திருந்தது. அவள் கத்தவில்லை. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தத் தையல்காரப் பொண்ணு மோந்துதான் பார்த்தா. நாக்குல வைக்கலை. அவளை அழவெச்சு அனுப்பினீங்க," என்றாள். "அவ புருஷன் தலைவர் இல்லையே, அதனாலதானே?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மகளின் படிப்புக்காகத்தான் பொறுத்துக்கொண்டேன் என்று முனகினேன். மகள் பெயரை இதில் இழுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையிலேயே கோயிலெங்கும் பேச்சு கிளம்பிவிட்டது. மடப்பள்ளியில் யாரோ உப்புப் பார்த்துவிட்டார்களாம், அந்த எச்சிலைத்தான் சாமிக்கு வைத்தார்களாம், அதனால்தான் அப்படிக் கரித்ததாம். யார் என்ற பெயர் மட்டும் அந்தப் பேச்சில் இல்லை. காய் நறுக்கிய பெண்களுக்கும் பயம் இருக்குமே. பக்தர்கள் அலுவலகத்தில் வந்து சண்டை போட்டார்கள். தலைவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேமராப் பதிவைப் பார்த்தார். வெளியே வந்தபோது முகம் சுருங்கிப்போயிருந்ததாக அலுவலகப் பெண் பிறகு சொன்னாள். மத்தியானப் பந்தி முடிந்ததும் குழு கூடும் என்று எனக்கு ஆள் அனுப்பினார்.

போனேன். மண்டபத்துப் பக்கத்து அறை. பதினொரு நாற்காலி, ஓரத்தில் குருக்கள், சுவரில் பெரிய திரை. எனக்கு நாற்காலி இல்லை. தலைவர் நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தார். மாஸ்டர் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி, இத்தனை வருட உழைப்பு, ஆனால் சாமி காரியம் என்று வந்தால் முகதாட்சண்யம் பார்க்க முடியாது என்றார். இந்த ஆள் யாரையாவது நம் வீட்டுப் பிள்ளை என்று சொன்னால் கதவுப் பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது லாரி டிரைவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பதிவை ஓட்டினார். நான் அண்டா முன் நிற்கிறேன், முதுகு தெரிகிறது. கையில் கரண்டி. கை மேலே போகிறது, முகத்தருகே ஒரு கணம் நிற்கிறது, இறங்குகிறது. அங்கே நிறுத்திவிட்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

துணி நழுவியது, புறங்கையால் மேலே தள்ளினேன் என்றேன். கரண்டி கையில் இருக்கிறதே என்றார் ஒருவர். கரண்டி இல்லாமல் நான் என்ன விசிறியா வைத்துக்கொண்டு சமைப்பேன் என்று கேட்டேன். இன்னொருவர், நேற்று கை தவறிவிட்டது என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்களே என்றார்.

"இதுக்கு அப்புறம் அஞ்சு நிமிஷம் ஓட்டுங்க ஐயா," என்றேன்.

"அதுக்கு அப்புறம் பதிவாகலை. மெஷின்ல கோளாறு," என்றார் தலைவர். கண் இமைக்காமல் சொன்னார்.

பிறகு குருக்களைப் படிக்கச் சொன்னார்கள். குருக்கள் கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார், என்னைப் பார்க்கவில்லை. எச்சில் பட்டதைப் படைத்தது பெரும் அபசாரம். மடப்பள்ளி முழுவதும் கழுவ வேண்டும், கரண்டிகளையும் துடுப்புகளையும் மாற்ற வேண்டும், நூற்றெட்டுக் கலசம் வைத்துச் சாமிக்கு நீராட்ட வேண்டும். தவறு செய்தவர் கொடிமரத்தின் முன் எல்லாரும் அறிய விழுந்து, செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் மடப்பள்ளிக்குள் கால் வைக்கக் கூடாது. தலைவர் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். தேர் முடிந்ததும் பின்வீட்டைக் காலி செய்துவிட வேண்டுமாம். கடிதம் தயாராக இருந்தது, நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்குப் பயம்தான் இருந்தது. எல்லாம் தெரிந்த மனுஷன், தன் வீட்டுக்காரி கையை நக்கியதைத் தன் போனிலேயே பார்த்த மனுஷன், நிதானமாகப் பேனாவின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார் பாருங்கள், அப்போதுதான் எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. பேனாவை வாங்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மெஷினுக்குக் கோளாறு இல்லை, அதைப் பிடித்திருக்கிற கைக்குத்தான் கோளாறு என்றேன். பத்தொன்பது வருடத்தில் இந்த நாக்கு ஒரு நாளும் முந்தியதில்லை என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எல்லாவற்றையும் எழுத முடியாது.

என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டே தலைவரின் மனைவி உள்ளே வந்தார். கையில் பாதி கட்டிய மாலை, விரலில் நார். தலைவர் அவசரமாக எழுந்து, ஒன்றுமில்லை, நீ போ என்றார். நான் நகர்ந்து அந்தம்மாவுக்கு முன்னால் நின்றேன்.

"அம்மா, நேத்து மத்தியானம் அண்டாவுல நீங்க உப்புப் பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேனே," என்றார் அந்தம்மா. "சுத்தமா உப்பே இல்லை. மூணு கரண்டி அள்ளிப் போட்டேன். ஏன், பத்தலையா?"

அந்தம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை. பந்தியில் சாப்பிடாமல் விரதம் இருந்தவர், கரித்தது என்பதே அவருக்குத் தெரியாது. உப்புப் பார்ப்பது குற்றம் என்றும் தெரியாது. இத்தனை வருடத்தில் அவரிடம் அதைச் சொல்ல ஒரு ஆளுக்குத் துணிவு இருந்ததில்லை. காலையிலிருந்து ஓடிய பேச்சுகூட அவர் காதுக்குப் போகாமல்தான் ஓடியது.

சரி, உண்மை வெளியே வந்துவிட்டது, இனிமேல் நூற்றெட்டுக் கலசம், கொடிமரம், மன்னிப்பு எல்லாம் இந்தப் பக்கம் திரும்பும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன், முட்டாள். முதலில் ஒருவர் லேசாகச் சிரித்தார். அம்மா ஒரு பாசத்தில் செய்துவிட்டார் என்றார். அடுத்தவர், பிள்ளைக்கு ஊட்டுகிற தாய் சூடு பார்ப்பதில்லையா, அந்த மாதிரி என்றார். மூன்றாமவர் அதற்கும் மேலே போய், சாமி அதை விரும்பித்தான் சாப்பிட்டிருப்பார் என்றார். கால் மணி நேரத்துக்கு முன் பெரும் அபசாரமாக இருந்தது, என் கண்ணெதிரே குழைந்து குழைந்து பக்தியாகிவிட்டது. அதே அண்டா, அதே சோறு, வாய் மட்டும்தான் வேறு.

"பிராயச்சித்தம் என்ன ஆச்சு?" என்று குருக்களைக் கேட்டேன்.

அறியாமல் செய்ததற்கு அவ்வளவு தேவையில்லை, கொஞ்சம் தீர்த்தம் தெளித்தால் போதும் என்று தரையைப் பார்த்துச் சொன்னார் அவர். கையிலிருந்த தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தார். அவரை நான் என்ன சொல்ல? முந்தின நாள் நானும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைவருக்கு மூச்சு சீராகிவிட்டது. மாஸ்டர் மேல் தப்பு இல்லை என்று ஆகிவிட்டது, சந்தோஷம், ஏதோ நடந்தது நடந்துவிட்டது, எல்லாரும் மறந்துவிடலாம் என்றார். கடிதத்தைக் கிழித்துக் காட்டினார். என் தோளில் கையை வைத்து, போய்ச் சாயங்காலப் படையலைப் பாருங்கள் என்றார். பொய்ப் பழி போட்டதற்கு ஒரு வார்த்தை கிடையாது. அறுநூறு பேருக்கு என்ன பதில் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமியைப் பற்றி யாருக்கும் நினைப்பே இல்லை. எனக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, மகள் படிப்பாள். வாயை மூடிக்கொண்டு போனால் எல்லாம் சுபம்.

போயிருப்பேன். வாசல்வரை போய்விட்டேன். வாசலில் கூடியிருந்தவர்களில் முந்தின நாள் பந்தியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண்ணும் இருந்தாள். அவள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி, பாவம் மாஸ்டர், உங்கள் மேல் தப்பே இல்லை என்றாள். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அறியாமல் செய்தது அந்தம்மா. அறிந்து செய்தவன் ஒருத்தன் இருக்கிறானே, அவனுக்கு என்ன?

மடப்பள்ளிக்குப் போகிற வழியை விட்டு மண்டபத்துக்குள் திரும்பினேன். திருவிழாக் கொடி ஏறிய கொடிமரம். சாயங்காலப் பூஜைக்கு ஜனங்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள், இருநூறு பேராவது இருப்பார்கள். கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்த வாய்த் துணியை அவிழ்த்தேன். தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். எழுந்து, என் சமையல்கட்டுக் குரலிலேயே சொன்னேன்:

"நேத்து மத்தியானம் எச்சில் பட்ட சோறுன்னு தெரிஞ்சே கொண்டுவந்து உன் முன்னாடி வெச்சேன். அதையே இத்தனை பேருக்கும் போட்டேன். உனக்குப் பயப்படலை. உன் கோயில் தலைவருக்குப் பயந்தேன்."

தலைவர் கிட்டத்தட்ட ஓடியே வந்தார். என் முழங்கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, ஜனங்கள் பார்க்கிறார்கள் மாஸ்டர் என்றார். பார்க்கத்தானே ஐயா விழுந்தேன் என்றேன். கையை உதறினேன். அவர் கையை நான் உதறியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

பின்னாலேயே தலைவரின் மனைவியும் வந்திருந்தார். மாலை எங்கேயோ விழுந்துவிட்டது, விரலில் நார் மட்டும் சுற்றியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. யாரோ அவரிடம் முழு விஷயத்தையும் சொல்லியிருக்க வேண்டும், கேமரா, கடிதம், பின்வீடு எல்லாவற்றையும்.

"நான் செஞ்சது தப்புன்னா அப்பவே ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டார். "அங்கேயே நிறுத்தியிருக்கலாமே. நான் என்ன உங்களைக் கடிச்சா தின்னுடுவேன்?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. என் கோபம் முழுவதும் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் அவர் மேல் இல்லை.

"சொல்லியிருந்தா, அம்மா, அடுத்த வருஷம் நான் இந்தக் கோயில்ல இருந்திருப்பேனா?"

அவர் மெதுவாகத் தன் புருஷன் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க. இருந்திருப்பாரா?"

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூஜைக்கு நேரமாகிவிட்டது, எல்லாரும் வரிசையில் நில்லுங்கள் என்று பொதுவாகச் சொன்னார். ஒருவரும் வரிசைக்குப் போகவில்லை. தபால்காரர் நின்றார், கைக்குழந்தைக்காரி நின்றாள், காய் நறுக்குகிற பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். குருக்கள் உள்ளே போவதா வேண்டாமா என்று படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார்.

அந்தம்மா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"மணி அப்புறம் பார்க்கலாம்," என்றார். "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."